"செட்" என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்?

ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள் கொண்ட சொல் எது என்ற கேள்வி வினாடி வினாப் போட்டிகளில் அடிக்கடி வரும். "செட், அதற்கு 430 பொருள்" என்று விடையும் உடனே வரும். அந்த எண் கற்பனையாகச் சொல்லப்படுவதன்று. ஆனால் அதைக் கேட்பவர்கள் வழக்கமாக இரண்டு முடிவுகளுக்குப் போகிறார்கள். ஆங்கிலம் கற்க வேண்டுமென்றால் இப்படிப்பட்ட பட்டியல்களை மனப்பாடம் செய்தாக வேண்டும் என்பது ஒன்று. ஒரே சொல்லில் இத்தனை பொருளை அடைத்து வைத்திருக்கும் ஆங்கிலம் ஒழுங்கற்ற மொழி என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதல் முடிவு, நம் பள்ளிப் பிள்ளைகளை ஆங்கிலத்தைக் கண்டு அஞ்ச வைக்கிறது என்பதால், தவறு என்பதோடு தீங்கும் ஆகிறது. ஒரு சொல் பல பொருள்களைப் பெறுவதற்குச் சில வழிகள்தாம் உள்ளன. அவற்றை அறிந்தவர் பெரும்பாலான பொருள்களைத் தாமே ஊகித்துக்கொள்ள முடியும்.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக 1989இல் வெளிவந்தது. அதில் மிக நீளமான பதிவு செட் என்ற வினைச்சொல்லுக்கு உரியது. அந்த ஒரு சொல்லை விளக்குவதற்குச் சுமார் 60,000 சொற்கள் செலவிடப்பட்டிருந்தன. சுமார் 580 பொருள்கள் அங்கே பிரித்துக் காட்டப்பட்டன. அவற்றுள் 430 தனி வினைக்கு உரியவை. எஞ்சியவை "செட் அப்", "செட் ஆஃப்" போன்ற கூட்டுகளுக்கும் மரபுத்தொடர்களுக்கும் உரியவை.

மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி தொடங்கியபின் இந்த முதலிடம் கைமாறியது. 2000இல் "மேக்" என்ற சொல்லும், 2007இல் "புட்" என்ற சொல்லும், 2011இல் 645 பொருள்களோடு "ரன்" என்ற சொல்லும் முன்னே வந்தன. 2011இல் ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லைத் திடீரெனப் புதிய விதங்களில் பயன்படுத்தத் தொடங்கிவிடவில்லை. அகராதியாளர்கள் அதன் பதிவைத் திருத்தி எழுதினார்கள், பகுப்பு நுணுக்கமானது, எண்ணிக்கை கூடியது.

ஆகவே பொருள்களின் எண்ணிக்கை என்பது, மரத்திலிருந்து உதிர்ந்த காய்களை எண்ணிச் சொல்வது போன்ற கணக்கன்று. அது அகராதியாளர் எடுக்கும் முடிவு. கோப்பையை மேசைமீது வைப்பதும் குழந்தையை நாற்காலியில் உட்கார வைப்பதும் ஒரு பொருளா, இரு பொருள்களா? ஒரு சிறிய அகராதி இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். வரலாற்று அகராதி பிரிக்கக்கூடும். மேலும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, வழக்கொழிந்த பொருள்களையும் விடாமல் பதிவு செய்கிறது. இன்றைய ஆங்கிலேயர் எவரும் 430 பொருள்களையும் தம் பேச்சில் வழங்குவதில்லை.

கல்யாண மண்டபத்து உறவு

ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியிருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளையின் அத்தை மகன் இருப்பார். அந்த அத்தை மகனின் மனைவியுடைய தம்பி இருப்பார். அந்தத் தம்பியின் மாமனாரும் வந்திருப்பார். அந்த மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் முகச்சாயல் எதுவும் இருக்காது. இருவரையும் நேரே பொருத்திப் பார்த்தால் என்ன உறவு என்று விளங்காது. ஆனால் ஒவ்வொருவருக்கும் அடுத்தவரோடு உள்ள உறவு தெளிவானது.

ஒரு சொல்லின் பொருள்களும் இப்படித்தான் அமைகின்றன. "சிமெண்ட் செட் ஆகிவிட்டது" என்பதற்கும் "தேர்வுக்கு நாள் செட் பண்ணியாகிவிட்டது" என்பதற்கும் நேரடியான தொடர்பு தெரிவதில்லை. இடையிலுள்ளவர்களை அறிந்துகொண்டால் உறவு தெரியும். இவ்வாறு ஒரே மூலத்திலிருந்து கிளைத்து, தம்முள் தொடர்புடைய பல பொருள்களை ஒரு சொல் தாங்கி நிற்பதைப் பல்பொருண்மை என்பர். இதற்குரிய மேலைநாட்டுக் கலைச்சொல்லைப் பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரேயால் 1897இல் வெளியிட்ட நூலின் வழியே பரவச் செய்தார்.

மூலம்: அமர்தலும் அமர்த்துதலும்

செட் என்ற வினையின் மூலத்தைத் தமிழர்களுக்கு விளக்குவது எளிது. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்ற பாகுபாடு உண்டு. ஒருவர் தாமே செய்வது தன்வினை. பிறரையோ பிற பொருளையோ செய்விப்பது பிறவினை. அமர் என்பது தன்வினை. அமர்த்து என்பது பிறவினை. ஆங்கிலத்தில் "சிட்" என்பதற்கும் "செட்" என்பதற்கும் இடையே உள்ள உறவும் இதுவே. "சிட்" என்றால் உட்கார்தல்; "செட்" என்றால் உட்கார வைத்தல். "ரைஸ்" என்பதற்கு "ரெய்ஸ்", "லை" என்பதற்கு "லே", விழுதலைக் குறிக்கும் "ஃபால்" என்பதற்கு மரத்தை வீழ்த்துதலைக் குறிக்கும் "ஃபெல்" எனப் பழைய ஆங்கிலத்தில் இருந்த முறையின் எச்சங்கள் இன்றும் சில இணைகளில் தங்கியிருக்கின்றன. உயிரெழுத்தை மாற்றினால் பிறவினை பிறக்கும் முறை அது.

ஒன்றை உரிய இடத்தில் அமர்த்துதல் என்ற இந்த மூலத்திலிருந்து கிளைகள் எப்படிப் பிரிகின்றன என்று பார்க்கலாம்.

முதற்கிளை இடம் சார்ந்தது. சாப்பாட்டு மேசையில் தட்டுகளையும் கரண்டிகளையும் உரிய இடத்தில் வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பை மருத்துவர் பழைய நிலையில் பொருத்துவது, அச்சகத்தில் எழுத்துக் கோப்பது ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலத்தில் செட் என்ற வினையே வரும். எல்லாவற்றிலும் ஒரு பொருள் தனக்குரிய இடத்தில் அமர்கிறது.

இடத்திலிருந்து நிலைக்குப் போவது அடுத்த கிளை. மனித மனம் ஒரு நிலைமையை ஓர் இடம்போலவே எண்ணுகிறது; "துன்பத்தில் இருக்கிறார்", "கடனில் விழுந்தார்" என்று நாம் சொல்வதும் இதனால்தான். கண்ணுக்குத் தெரியும் ஒன்றின் மொழியைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இரவல் கொடுப்பது உருவகம். ஓர் இடத்தில் அமர்த்துவது போல ஒரு நிலையில் அமர்த்தலாம் என்றால், கைதியை விடுதலை என்ற நிலையில் அமர்த்துவது "செட் ஃப்ரீ" ஆகிறது. வீட்டுக்குத் தீ வைப்பது "செட் ஆன் ஃபயர்" ஆகிறது.

உரிய இடத்தில் அமர்த்திய பொருள் நகராது. அங்கிருந்து முடிவு செய்தல், வரையறுத்தல் என்ற பொருள் கிளைக்கிறது. விலை, நாள், எல்லை, விதி ஆகியவற்றை நிர்ணயிப்பதும், அலாரம் வைப்பதும், கைப்பேசியில் நாம் திருத்தும் "செட்டிங்ஸ்" என்ற பகுதியும் இந்தக் கிளையைச் சேர்ந்தவை.

நகராமல் இருக்கும் பொருள் நாளடைவில் இறுகும் என்ற எண்ணத்திலிருந்து, உறைதலும் கெட்டிப்படுதலும் வருகின்றன. சிமெண்ட், ஜெல்லி, தயிர் எல்லாம் "செட்" ஆவது இப்படித்தான். இங்கே ஒரு திருப்பத்தைக் கவனிக்க வேண்டும்: பிறவினையாகத் தொடங்கிய சொல் இங்கே மீண்டும் தன்வினையாகிவிட்டது, சிமெண்டை யாரும் எதுவும் செய்யவில்லை, அது தானே இறுகுகிறது. கதிரவன் மறைவதை "சன்செட்" என்பதும் இத்தகைய தன்வினை வழக்கே. கதிரவன் கீழே இறங்கி அமர்கிறான் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தமிழில் "ஞாயிறு படும் வேளை" என்று சொல்வதில் உள்ள எண்ணமும் இதற்கு மிக அருகில் நிற்கிறது.

இதுவரை கண்டதைத் திரட்டினால்: மூலப்பொருள் அமர்த்துதல், அதிலிருந்து நிலைக்குக் கொண்டுவருதல், நிர்ணயித்தல், இறுகுதல் என்று பொருள் படிப்படியாக நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு படியும் சிறியது. முதலையும் கடைசியையும் மட்டும் ஒப்பிடும்போதுதான் தூரம் பெரிதாகத் தெரிகிறது.

திரைப்பட செட்டும் வற்றலும்

திரைப்படத்துக்காக எழுப்பப்படும் அரண்மனையையும் தெருவையும் செட் என்கிறோம். இங்கே வினை பெயராகிவிட்டது. ஒரு செயலின் பெயர், அந்தச் செயலால் உண்டான பொருளுக்கு ஆகி வந்திருக்கிறது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்று பள்ளியில் படித்திருப்போம். "வற்றல் தின்றான்" என்ற எடுத்துக்காட்டும் நினைவிருக்கலாம். வற்றல் என்பது வற்றுதல் என்ற தொழிலின் பெயர், அது வற்றிய காய்க்கு ஆயிற்று, ஆகவே தொழிலாகுபெயர். அமைத்தல் என்ற தொழிலின் பெயர் அமைக்கப்பட்ட அரண்மனைக்கு ஆனதும் தொழிலாகுபெயர்தான்.

கப்பலில் பாய்களை உரிய நிலையில் அமைப்பதைக் குறித்த "செட் செய்ல்" என்ற தொடர் கடற்பயணம் புறப்படுவதையே குறிக்கலானதும் இதே வழியில்தான். பாய் விரிப்பதும் பயணம் தொடங்குவதும் அடுத்தடுத்து நிகழ்வன. ஒன்றன் பெயர் மற்றொன்றுக்கு ஒட்டிக்கொண்டது. பாயே இல்லாத இயந்திரக் கப்பலும் இன்று "செட் செய்ல்" செய்கிறது. உருவகம், ஆகுபெயர் ஆகிய இரண்டும் செய்யுள் அழகுக்காகப் புலவர்கள் கையாளும் உத்திகள் என்றே பலர் நினைக்கிறார்கள். ஒரு மொழியின் அன்றாடச் சொற்களை வளர்ப்பவையே அவைதாம்.

இன்னொரு செட்

பம்ப் செட், மைக் செட், பேண்டு செட், நகை செட், டீ செட், இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பரிமாறப்படும் செட் தோசை. தமிழர்கள் நாள்தோறும் சொல்லும் இவற்றில் அமர்த்துதல் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. காரணம், இது வேறொரு சொல்.

தொகுதி என்று பொருள்படும் செட், பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முன்னே லத்தீனில் அது "செக்டா". பின்பற்றுதல், பின்பற்றுவோர் கூட்டம் என்று பொருள். ஒரு சமயத்துக்குள் தனி வழியைப் பின்பற்றும் பிரிவினரைக் குறிக்கும் "செக்ட்" என்ற ஆங்கிலச் சொல்லும் அதே மூலத்தினது. ஆள்களின் கூட்டம் என்பது பிறகு பொருள்களின் கூட்டம் என்று விரிந்தது. நம்மூரில் "அவர்கள் ஒரு செட்" என்று நண்பர் கூட்டத்தைச் சொல்லும்போது லத்தீன் காலத்துப் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறோம்.

மோட்டாரும் நீரேற்றியும் சேர்ந்து ஒன்றாக இயங்குவதால் பம்ப் செட். ஒலிவாங்கி, பெருக்கி, குழாய் எல்லாம் சேர்ந்து வருவதால் மைக் செட். கணிதத்தில் பொருள்களின் தொகுப்பைக் குறிக்கும் செட் என்ற கலைச்சொல்லும் இந்தக் குடும்பமே. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதைக் கணம் என்றும் இலங்கைப் பாடநூல்கள் தொடை என்றும் வழங்குகின்றன.

வெவ்வேறு மூலத்திலிருந்து வந்து, தற்செயலாக ஒரே வடிவம் பெற்ற சொற்களை உருவொத்த சொற்கள் என்போம். பல்பொருண்மைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காததுதான் இத்துறையில் மிகப் பரவலான குழப்பம். ஒரே சொல்லின் பொருள்களாகத் தோன்றுபவை, உண்மையில் இரண்டு சொற்களின் பொருள்களாக இருக்கலாம். எனினும் இந்த எல்லைக்கோடும் முழுக்கத் தெளிவானதன்று. டீ செட்டின் கோப்பைகளை ஒன்றாக அமைத்து வைக்கிறார்கள் அல்லவா? அதனால் இன்று பேசுவோர் மனத்தில் இரண்டு செட்டும் கலந்து, ஒன்றன் சாயல் மற்றதில் படிந்துவிட்டது.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான "செட்" தேர்வு, மாநிலத் தகுதித் தேர்வு என்பதன் ஆங்கிலத் தொடரிலுள்ள முதலெழுத்துகளின் சேர்க்கை மட்டுமே. அது இந்த இரு குடும்பங்களிலும் சேராது.

தமிழில் பிறந்த பொருளும் உண்டு. "எனக்கும் அவனுக்கும் செட் ஆகாது", "இந்தச் சட்டை உனக்கு செட் ஆகிறது" என்கிறோம். ஒத்துப்போதல், பொருந்துதல் என்ற இந்தப் பொருளில் ஓர் ஆங்கிலேயரிடம் அந்தச் சொல்லை வழங்கினால் அவருக்கு விளங்காது. இரவல் வாங்கிய சொல்லும் வந்த இடத்தில் புதுக்கிளை விடும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆக, நாம் வழங்கும் செட் ஒரு சொல் அன்று. அமர்த்துதல் குடும்பம் ஒன்று, தொகுதிக் குடும்பம் ஒன்று. புதிதாக ஒரு தொடரைப் படிக்கும்போது இவற்றுள் எது என்று கண்டுகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இது ஏன் இவ்வளவு மிகுதி?

முதற்காரணம், ஆங்கிலம் தன் விகுதிகளைப் பெரும்பாலும் இழந்துவிட்ட மொழி. தமிழில் வை, வைத்தான், வைப்பு, வைத்த என்று வடிவத்தைக் கொண்டே வினை எது, பெயர் எது, காலம் எது என்று அறிகிறோம். பழைய ஆங்கிலத்திலும் இத்தகைய ஈறுகள் இருந்தன. அந்த வினை அப்போது "செட்டன்" என்று வழங்கியது. நூற்றாண்டுகளின் போக்கில் ஈறுகள் தேய்ந்தன. இன்று நிகழ்கால வினை, இறந்தகால வினை, பெயர், அடை எல்லாவற்றுக்கும் செட் என்ற ஒரே வடிவம் எஞ்சியிருக்கிறது. தமிழில் நான்கு வடிவங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் சுமையை அங்கே ஒரு வடிவமே சுமக்கிறது.

இரண்டாம் காரணம், வினைக்குப் பின்னால் வரும் சிறுசொற்கள். "செட் அப்" என்றால் நிறுவுதல். "செட் அசைட்" என்றால் பணத்தை ஒதுக்கி வைத்தல்; நீதிமன்றச் செய்தியில் வந்தால் தீர்ப்பை ரத்து செய்தல். மழையோ குளிரோ "செட் இன்" ஆனால், பிடித்துக்கொண்டது, இனி எளிதில் விடாது என்று பொருள். இவற்றை வினையின் பொருள்களாகக் கொள்வதைவிடத் தனிச் சொற்களாகவே கொள்வது கற்பவருக்கு நல்லது என்பது என் கருத்து.

மூன்றாவது, மொழிகள் அனைத்துக்கும் பொதுவானது. அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப், மிகுதியாக வழங்கும் சொற்களே மிகுதியான பொருள்களைக் கொண்டிருக்கின்றன என்பதை 1945இல் எடுத்துக்காட்டினார். அதிகம் புழங்கும் சொல் அதிகமான சூழல்களுக்குள் நுழைகிறது. ஒவ்வொரு புதுச்சூழலும் பொருளைச் சற்றே நகர்த்துகிறது. "நுண்ணோக்கி" என்ற சொல்லுக்குப் பத்துப் பொருள் ஏற்படாததற்கும், "எடு" என்ற சொல் படம், பசி, ஓய்வு, மதிப்பெண், பிச்சை எல்லாவற்றோடும் சேர்வதற்கும் இதுவே காரணம்.

தமிழின் "வை" என்ற வினையைப் பார்த்தால், ஆங்கிலம் ஒழுங்கற்றது என்ற குற்றச்சாட்டு நில்லாது. தீ வைக்கிறோம், பொறி வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம். இவை மூன்றுக்கும் ஆங்கிலத்தில் செட்தான் வரும். பிறகு பெயர் வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், ஆசை வைக்கிறோம், பந்தயம் வைக்கிறோம். இங்கெல்லாம் ஆங்கிலம் வேறு சொற்களுக்குப் போய்விடுகிறது. இரண்டு மொழிகளும் ஒரே மூலத்திலிருந்து, அதாவது ஓரிடத்தில் இருத்துதல் என்பதிலிருந்து, தத்தமக்கு வேண்டிய திசைகளில் கிளைத்திருக்கின்றன.

தொல்காப்பியம் உரியியலின் தொடக்கத்திலேயே ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாதலையும், பல சொல் ஒரு பொருளுக்கு உரியதாதலையும் பேசுகிறது. "கடி" என்ற உரிச்சொல்லுக்கு வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று எனப் பத்துப் பொருள்களை ஒரே நூற்பாவில் தந்து, அடுத்த நூற்பாவில் ஐயம், கரிப்பு என்ற இரண்டையும் சேர்க்கிறது. நன்னூல் அதே சொல்லுக்குப் பதின்மூன்று பொருள் சொல்கிறது. இரு நூல்களின் எண்ணிக்கை வேறுபடுவதில் வியப்பில்லை. காலமும் பகுப்பவரும் மாறும்போது எண்ணிக்கை மாறுவதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் கண்டோம்.

கேட்பவர் எப்படிக் குழம்பாமல் இருக்கிறார்?

அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி 1979இல் ஒரு சோதனையை வெளியிட்டார். "பக்" என்ற ஆங்கிலச் சொல் பூச்சியையும் ஒட்டுக்கேட்கும் கருவியையும் குறிக்கும். சிலந்தி, கரப்பான் என்று பேசிவந்து, பிறகு அந்தச் சொல்லை ஒலிக்கச் செய்தார். அதே நொடியில் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். சூழல் பூச்சியையே சுட்டியபோதும், எறும்பு என்ற சொல்லையும் உளவாளி என்ற சொல்லையும் கேட்பவர்கள் தொடர்பற்ற சொற்களைவிட விரைவாக அறிந்துகொண்டார்கள். அதாவது இரண்டு பொருள்களும் மனத்தில் ஒருகணம் விழித்துக்கொள்கின்றன. மூன்று அசை கழித்துத் திரையில் காட்டியபோது உளவாளிக்கு அந்தச் சலுகை இல்லை. பொருந்தாத பொருள் அதற்குள் அடங்கிவிட்டது. இவ்வளவும் நாம் உணராமலே நடக்கிறது.

எதைக் கொண்டு மனம் தேர்வு செய்கிறது? கணினிவழி மொழிபெயர்ப்பைப் பற்றி 1949இல் ஒரு குறிப்பு எழுதிய வாரன் வீவர் இதை அழகாகச் சொன்னார். ஒரே ஒரு சொல் மட்டும் தெரியும்படி துளையிட்ட அட்டையைப் பக்கத்தின்மேல் வைத்துப் படித்தால் அந்தச் சொல்லின் பொருளை அறிய முடியாது; துளையை அகலப்படுத்தி இருபுறமும் சில சொற்கள் தெரியும்படி செய்தால் அறிந்துவிடலாம். தொல்காப்பியத்தின் உரியியல் இதே வழியைத்தான் "முன்னும் பின்னும் வருபவை நாடி" உணர்த்துக என்று சொல்லியிருக்கிறது. பொருளைத் தேடிச் சொல்லுக்குள் போகாமல், சொல்லின் இருபக்கமும் பார்க்கச் சொல்லும் அந்த நூற்பாவைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

அகராதியைத் திறக்கும்போது

எல்லா அகராதிகளும் பொருள்களை ஒரே முறையில் வரிசைப்படுத்துவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி போன்ற வரலாற்று அகராதியில் மிகப் பழைய பொருள் முதலில் நிற்கும். அது இன்று வழக்கில் இல்லாததாகவும் இருக்கலாம். கற்போருக்கான அகராதிகள் பொதுவாக இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முன்னே வைக்கும். ஆகவே ஆங்கிலம் கற்கும் ஒருவர் இரண்டாம் வகையை எடுத்துக்கொள்வதே நன்று.

பொருளைப் பார்க்குமுன் சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து "ஆஃப்" என்ற சிறுசொல் வந்து ஒரு தொகுதியின் பெயர் தொடர்ந்தால் அது தொகுதிக் குடும்பம். அடுத்து விலை, நாள், எல்லை வந்தால் நிர்ணயித்தல். அடுத்து எதுவுமே வராமல், முன்னே கதிரவனோ சிமெண்டோ நின்றால் தன்வினை. "அப்", "இன்", "அசைட்" போன்ற சிறுசொல் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகத் தேட வேண்டும். குறிப்பேட்டில் எழுதி வைப்பதானாலும், "செட்" என்று தலைப்பிட்டு இருபது பொருள்களை வரிசையாக எழுதாமல், "தேர்வுக்கு நாள் செட் செய்தார்கள்" என்பது போல அந்தச் சொல் வந்த முழுத் தொடரையே எழுதிக்கொள்ள வேண்டும்.